ஆர்.வி. பயணத்தில் மின் இணைப்பு: 30 ஆம்பியர், 50 ஆம்பியர், இடையில் உள்ள கணக்கு

ஜூலை மாத மாலை ஒன்றில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த ஆர்.வி.யில், அதாவது தங்கும் வசதியுள்ள பயண வண்டியில், கூரை ஏசி ஓடிக்கொண்டிருந்தது, வெந்நீர்த் தொட்டி மின்சாரத்தில் சூடாகிக்கொண்டிருந்தது. மதியம் மிஞ்சிய சாம்பாரைச் சூடாக்க மைக்ரோவேவை அழுத்திய ஒரு நிமிடத்திற்குள் ஏசியும் மைக்ரோவேவும் ஒருசேர அடங்கின. ஆனால் விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. மின்சாரம் இருக்கிறது, ஏதோ ஒரு பிரேக்கர்தான் விழுந்திருக்கிறது என்று நம்பி, வண்டிக்குள் இருந்த பிரேக்கர் பெட்டியை இருபது நிமிடம் துழாவினோம். விழுந்திருந்தது வெளியே, கேம்ப்கிரவுண்டின் மின்பெட்டியில் இருந்த பிரேக்கர். விளக்குகள் எரிந்ததற்குக் காரணம், அவை 12 வோல்ட் பேட்டரியில் ஓடுபவை. ஆர்.வி.யில் விளக்கு, தண்ணீர் பம்ப், கேஸ் ஹீட்டரின் காற்றாடி ஆகியவை பேட்டரியைச் சேர்ந்தவை. ஏசி, மைக்ரோவேவ், சுவர் பிளக் பாயின்ட்கள் ஆகியவை வெளி மின்சாரத்தைச் சேர்ந்தவை. வெளி மின்சாரம் வருகிறதா என்று பார்க்க விளக்கை நம்பாமல் மைக்ரோவேவின் கடிகாரத்தைப் பாருங்கள்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆர்.வி. எடுத்துச் செல்லும் தமிழ்க் குடும்பங்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். மின்பொறியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கூட்டத் தெரிந்தால் போதும், நம்புவதற்கு முன் அளந்து பார்க்கும் பொறுமையும் வேண்டும்.

முன்பதிவு செய்வதற்கு முன்

முதலில் உங்கள் வண்டியின் மின்கயிற்றை வெளியே இழுத்து, அதன் பிளக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் உலோக முனைகள் எத்தனை என்று எண்ணுங்கள். மூன்று என்றால் அது 30 ஆம்பியர் வண்டி. நான்கு என்றால் 50 ஆம்பியர் வண்டி. ஒரே ஒரு கூரை ஏசி உள்ள வாடகை வண்டிகள் பெரும்பாலும் 30 ஆம்பியர் வகைதான். இதைத் தெரிந்துகொண்ட பிறகே இடம் தேட வேண்டும்.

ஒரு இடத்தைப் பற்றிய குறிப்பில் ‘ஃபுல் ஹூக்கப்’ என்றிருந்தால் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர்க் குழாய் மூன்றும் உண்டு. ‘பார்ஷியல் ஹூக்கப்’ என்றால் வழக்கமாக மின்சாரமும் தண்ணீரும் மட்டும். 1962இல் மொன்டானா மாநிலத்தின் பில்லிங்ஸில் தொடங்கப்பட்ட கே.ஓ.ஏ. போன்ற தனியார் முகாம்களில் மின் இணைப்பு எளிதாகக் கிடைக்கும். தேசியப் பூங்காக்களில் நிலைமை வேறு. யோசெமிட்டியின் முகாம்களில் மின் இணைப்பே கிடையாது. யெல்லோஸ்டோனில் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்.வி. பார்க்கிலும், கிராண்ட் கேன்யனின் தென் விளிம்பில் டிரெய்லர் வில்லேஜிலும் முழு இணைப்பு உண்டு, ஆனால் அவை வெகு சீக்கிரம் நிரம்பிவிடும். இணைப்பில்லாத இடத்தில் ஜெனரேட்டர் இருக்கிறதே என்று நினைத்துப் பதிவு செய்பவர்கள், இரவு அமைதி நேரத்தில் அதை ஓட்ட விடமாட்டார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

மின்பெட்டியில் இருக்கும் மூன்று சாக்கெட்டுகள்

நீங்கள் வண்டியை நிறுத்தும் இடத்தின் ஓரத்தில், இடுப்பளவு உயரத்தில் ஒரு பெட்டி நிற்கும். இங்குள்ளவர்கள் அதைப் பெடஸ்டல் என்பார்கள். அதில் ஒன்று முதல் மூன்று வகை சாக்கெட்டுகள் வரை இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனி பிரேக்கர் உண்டு.

வீட்டுச் சாக்கெட் போலவே தோன்றுவது 20 ஆம்பியர். 120 வோல்ட்டில் அது 2,400 வாட் வரை தரும்.

இரண்டு தட்டைத் துளைகள் சாய்வாகவும் எர்த்துக்கு ஒரு துளையும் உள்ளது டி.டி.-30 எனப்படும் 30 ஆம்பியர் சாக்கெட். ஒரு பேஸ், ஒரு நியூட்ரல், ஒரு எர்த், 120 வோல்ட், உச்ச அளவு 3,600 வாட்.

மூன்று நேரான தட்டைத் துளைகளும் ஒரு எர்த் துளையும் உள்ளது 14-50 எனப்படும் 50 ஆம்பியர் சாக்கெட். நான்கு கம்பி என்றதும் மும்முனை மின்சாரம் என்று நம் ஊர்ப் பழக்கத்தில் நினைத்துவிட வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மரின் ஒரே சுருளை நடுவில் பிரித்து, நடுப்புள்ளியை நியூட்ரலாக்கி, இரு முனைகளையும் இரண்டு பேஸ்களாக எடுக்கிறார்கள். ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120 வோல்ட், இரண்டு பேஸ்களுக்கும் இடையே 240 வோல்ட். ஒவ்வொரு பேஸிலும் 50 ஆம்பியர் எடுக்கலாம் என்பதால் மொத்தம் 12,000 வாட். ஆகவே 50 ஆம்பியர் என்பது 30 ஆம்பியரை விட இருபது மட்டும் கூடுதல் அல்ல. மூன்று மடங்குக்கும் மேல். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தவறவிடும் கணக்கு இதுதான். இரண்டு ஏசி உள்ள பெரிய வண்டியை 30 ஆம்பியர் இடத்தில் நிறுத்திவிட்டு, கொஞ்சம் குறைவுதானே என்று எண்ணி ஏமாறுவதும் இதனால்தான்.

ஆம்பியர்க் கணக்கு

வாட்டை 120ஆல் வகுத்தால் ஆம்பியர். நம் ஊரில் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் எடுக்கும் 1,500 வாட் கெட்டில், இங்கே பன்னிரண்டரை ஆம்பியர் எடுக்கும். வோல்ட்டேஜ் பாதியாக இருப்பதால் மின்னோட்டம் இரட்டிப்பாகிறது, கம்பியும் பிளக்கும் அதற்கேற்பச் சூடாகின்றன.

என் பழக்கம், ஒவ்வொரு பயணத்திலும் ஒரு சிறு தாளில் இந்த எண்களை எழுதி மைக்ரோவேவ் கதவில் ஒட்டிவிடுவது. 13,500 பி.டி.யூ. கூரை ஏசி ஓடும்போது ஏறத்தாழ 13 ஆம்பியர்; கம்ப்ரசர் கிளம்பும் அந்த ஒரு நொடியில் அதைவிடப் பன்மடங்கு. வெந்நீர்த் தொட்டியின் மின்சுருள் 12. மைக்ரோவேவ் 13, அதன் மேல் 1,000 வாட் என்று எழுதியிருப்பது உணவுக்குள் போகும் சக்தி, சுவரிலிருந்து எடுப்பது 1,500 வாட்டை ஒட்டி இருக்கும். ஹேர் டிரையர் 12 முதல் 15. இன்டக்‌ஷன் அடுப்பை முழு அளவில் வைத்தால் 15. இன்ஸ்டன்ட் பாட் 8 அல்லது 9. மின்சாரத்தில் ஓடும் ஃபிரிட்ஜ் 3. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கன்வெர்ட்டர், பேட்டரி நிறைந்திருந்தால் 1 அல்லது 2, காலியாக இருந்தால் 8 வரை.

எங்கள் ஜூலை மாலையை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஏசி 13, வெந்நீர் 12, கன்வெர்ட்டர் 4. கூட்டினால் 29, ஏற்கெனவே விளிம்பில் இருந்திருக்கிறோம். மைக்ரோவேவின் 13 சேர்ந்ததும் 42. பிரேக்கர் விழாமல் இருந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். மேலும், மணிக்கணக்கில் தொடர்ந்து ஓடும் சுமைக்குப் பிரேக்கரின் அளவில் 80 விழுக்காட்டைத்தான் கொள்ள வேண்டும்; 30 ஆம்பியரில் அது 24.

இதற்குத் தீர்வு எளிது. வெந்நீர்த் தொட்டியையும் ஃபிரிட்ஜையும் கேஸுக்கு மாற்றினால் அந்த நிமிடமே 15 ஆம்பியர் விடுபடும். கேஸிலும் மின்சாரத்திலும் ஓடும்படி அவற்றை அமைத்திருப்பதே இதற்காகத்தான். காலையில் காபி மேக்கரும் ஹேர் டிரையரும் ஒரே நேரத்தில் வேண்டும் என்றால் ஏசி பத்து நிமிடம் ஓயட்டும்.

ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸியைப் பற்றி ஒரு வார்த்தை. 230 வோல்ட் மிக்ஸியை நேராகச் செருகினால் சட்னி அரைபடாது. வோல்ட்டேஜை உயர்த்தும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் 750 வாட் மிக்ஸி ஆறு, ஏழு ஆம்பியர் எடுக்கும். வெட் கிரைண்டரின் இன்டக்‌ஷன் மோட்டாரோ, 50 ஹெர்ட்ஸுக்குச் செய்யப்பட்டது 60 ஹெர்ட்ஸில் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும். 120 வோல்ட் மிக்ஸி ஒன்றை இங்கேயே வாங்கிவிடுவது நல்லது. மாவை வீட்டிலேயே அரைத்துக் குளிர்பெட்டியில் எடுத்துவருவது அதைவிட நல்லது.

இணைக்கும் வரிசை

வண்டியை நிறுத்தியதும், நிலை சரிசெய்வதற்கும் முன்பாக, மின்பெட்டியைத் திறந்து பாருங்கள். சாக்கெட்டின் முகத்தில் பழுப்பு நிறமோ, உருகிய பிளாஸ்டிக்கோ, கருகிய வாடையோ தெரிந்தால் அந்தப் பெட்டியைத் தொடாமல் அலுவலகத்தில் சொல்லி வேறு இடம் கேளுங்கள். ஆண்டுக்கணக்கில் நூற்றுக்கணக்கான பிளக்குகள் செருகி எடுக்கப்பட்ட சாக்கெட்டில் பிடிப்பு தளர்ந்திருக்கும். தளர்ந்த பிடிப்பில் வெப்பம் பிறக்கும். அந்த வெப்பத்தைப் பிரேக்கர் உணராது.

அடுத்து, பெட்டியின் பிரேக்கரை அணைத்துவிட்டுச் சோதனைக் கருவியைச் செருகி, பிரேக்கரைப் போடுங்கள். கையடக்கமான இ.எம்.எஸ். எனப்படும் மின் கண்காணிப்புக் கருவி இருந்தால் அதுவே சோதனையையும் செய்யும், காவலும் இருக்கும். பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருப்பது, எர்த் இல்லாதது, நியூட்ரல் விட்டுப்போனது, வோல்ட்டேஜ் ஏறியோ இறங்கியோ இருப்பது ஆகியவற்றைப் பார்த்து, தவறு இருந்தால் வண்டிக்குள் மின்சாரத்தை விடாது. வெறும் சர்ஜ் புரொடெக்டர் என்று விற்கப்படும் மலிவான கருவி மின்னல் போன்ற திடீர் அதிர்வை மட்டுமே தாங்கும். லோ வோல்ட்டேஜ் வந்தால் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டின் பெட்டிகளும் ஒன்றுபோல இருப்பதால் வாங்கும்போது கவனம் வேண்டும். வாடகை வண்டியில் இது வருவது அரிது என்பதால், அடிக்கடி செல்பவர்கள் சொந்தமாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

மல்டிமீட்டர் பழக்கம் உள்ளவர்கள் நேரடியாகவும் அளக்கலாம். 30 ஆம்பியர் சாக்கெட்டில் பேஸ்-நியூட்ரல் 120, பேஸ்-எர்த் 120, நியூட்ரல்-எர்த் ஏறக்குறைய சுழி. 50 ஆம்பியரில் ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 120, இரண்டு பேஸ்களுக்கும் இடையே 240. அந்த 240 இருக்க வேண்டிய இடத்தில் சுழி காட்டினால், இரண்டு துளைகளிலும் ஒரே பேஸைக் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். அப்போது இரு பக்கச் சுமையும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளாமல் நியூட்ரல் கம்பியில் கூடிச் சேரும். பழக்கம் இல்லாதவர்கள் திறந்த சாக்கெட்டில் கம்பிமுனையை நுழைக்கும் வேலையே வேண்டாம்.

சோதனை சரியாக இருந்தால் பிரேக்கரை மீண்டும் அணையுங்கள். கயிற்றின் ஒரு முனையை வண்டியில் செருகித் திருகிப் பூட்டி, மறுமுனையைக் கருவி வழியாகப் பெட்டியில் முழுவதுமாக அழுத்திச் செருகிய பிறகே பிரேக்கரைப் போட வேண்டும். கருவி இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருந்துதான் மின்சாரத்தை விடும். அணைந்த கம்ப்ரசர் உடனே மீண்டும் கிளம்பினால் திணறும் என்பதற்காக வைத்த தாமதம் அது. கெட்டுவிட்டதோ என்று பிடுங்கிச் செருகாதீர்கள். கடைசியாக, சுமைகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஏசி ஓடத் தொடங்கி அரை மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு, கை வைக்க முடியாத சூடு ஆபத்து.

பிரேக்கர் விழுந்தால், நடுவில் நிற்கும் நெம்பை முதலில் முழுவதுமாக அணைக்கும் பக்கம் தள்ளிவிட்டு, பிறகுதான் போட வேண்டும். பாதியிலிருந்து நேராகத் தள்ளினால் பல பிரேக்கர்கள் பிடிக்காது.

லோ வோல்ட்டேஜ்

கோடை இரவில் மின்விசிறி தவழ்வதையும் ஃபிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் வாங்கியதையும் பார்த்து வளர்ந்த நமக்கு, அமெரிக்காவிலும் லோ வோல்ட்டேஜ் உண்டு என்பது வியப்பாக இருக்கும். கேம்ப்கிரவுண்டில் அது உண்டு, அதற்கு விதிப்படியே காரணமும் உண்டு. எல்லா இடங்களும் ஒரே நேரத்தில் முழு மின்சாரம் எடுக்காது என்ற அனுமானத்தில், அமெரிக்கத் தேசிய மின் விதித்தொகுப்பின் 551ஆம் பிரிவு, 36 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்கள் உள்ள முகாமில் மொத்தச் சுமையின் 41 விழுக்காட்டுக்குக் கணக்கிட்டால் போதும் என்று அனுமதிக்கிறது. ஆண்டின் பெரும்பாலான நாட்களுக்கு அது சரிதான். ஆகஸ்ட் மாதம் மாலை ஐந்து மணிக்கு அத்தனை வண்டிகளும் ஏசியை முழு வீச்சில் போடும்போது அந்த அனுமானம் பொய்த்துவிடுகிறது. இப்போது சிலர் மின்சாரக் காரையும் அதே 14-50 சாக்கெட்டில் சார்ஜ் போடுகிறார்கள். பல மணி நேரம் இறங்காத சுமை அது.

114 முதல் 126 வோல்ட் வரை இயல்பு. 110க்குக் கீழே வந்தால் சுமையைக் குறைக்கத் தொடங்குங்கள். 104ஐ ஒட்டி இறங்கும்போது பெரும்பாலான இ.எம்.எஸ். கருவிகள் தாமாகவே துண்டித்துவிடும். கருவி இல்லாதவர்களுக்கு, சுவர்ச் சாக்கெட்டில் செருகும் சிறு வோல்ட் மீட்டராவது கட்டாயம் வேண்டும், ஏனென்றால் பிரேக்கர் இந்த விஷயத்தில் உதவாது. குறைந்த வோல்ட்டேஜில் கம்ப்ரசர் மோட்டார் அதே வேலையைச் செய்யக் கூடுதல் மின்னோட்டம் எடுத்து, உள்ளே கொதித்து, பிரேக்கர் விழும் அளவுக்கு வராமலேயே சுருளைக் கருக்கிக்கொள்ளும். ஒரு முறை என் மீட்டர் 103 காட்டியது. ஏசியை அணைத்தவுடன் 111க்கு ஏறியது. என் வண்டியின் சுமை ஒன்றே எட்டு வோல்ட்டை விழுங்கியிருந்தது என்றால், குறை பெட்டிக்கு வரும் கம்பியில் அல்லது தளர்ந்த இணைப்பில். இந்த எளிய சோதனையை எல்லோரும் செய்யலாம்: உங்கள் ஏசியை அணைத்தும் வோல்ட்டேஜ் ஏறாவிட்டால் சிக்கல் முகாம் முழுமைக்கும் பொதுவானது, ஏறினால் உங்கள் பெட்டியிலோ கயிற்றிலோதான், இடம் மாற்றிக் கேட்பதில் பயன் உண்டு.

ஸ்டெபிலைசர் போல வோல்ட்டேஜைப் பத்து விழுக்காடு வரை உயர்த்தித் தரும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்களும் கிடைக்கின்றன. வேலை செய்யும்; ஆனால் உயர்த்தித் தரும் வோல்ட்டேஜுக்கு ஈடாகப் பெட்டியிலிருந்து கூடுதல் மின்னோட்டத்தை எடுப்பதால், பக்கத்து வண்டியின் வோல்ட்டேஜ் இன்னும் சற்று இறங்கும்.

எர்த் இல்லாத வண்டி

கதவின் கைப்பிடியைத் தொடும்போது சுருக்கென்று இருந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரப்பர்ச் சக்கரங்களின் மேல் நிற்கும் வண்டி பூமியிலிருந்து பிரிக்கப்பட்டே இருக்கிறது. எர்த் கம்பி எங்காவது விட்டுப்போய், உள்ளே ஏதோ ஒரு கருவியில் கசிவும் இருந்தால், வண்டியின் உலோக உடல் முழுவதும் மின்னேற்றம் பெறும். உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று கதவைப் பிடிக்கும் குழந்தைக்கு அது உயிராபத்து. தொடாமலே காட்டும் பேனா வடிவ டெஸ்டரைக் கதவருகே கொண்டுபோனாலே சிவந்து ஒலிக்கும். அப்படி ஒலித்தால் வண்டியைத் தொடாமல் பெட்டியின் பிரேக்கரை அணையுங்கள்.

நம் ஊர் வழக்கப்படி ஒரு எர்த் கம்பியை மண்ணில் அடித்து வண்டியோடு கட்டிவிடலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். மண்ணின் தடை 25 ஓம் என்று வைத்தால், 120 வோல்ட்டில் அதன் வழியே ஐந்து ஆம்பியர்கூடப் போகாது. 30 ஆம்பியர் பிரேக்கர் அசையாது, வண்டியின் உடலிலும் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். காப்பாற்றுவது கயிற்றுக்குள் இருக்கும் எர்த் கம்பி மட்டுமே.

50 ஆம்பியர் வண்டிகளில் இதற்கு இணையான ஆபத்து நியூட்ரல் விட்டுப்போவது. அப்போது இரண்டு பக்கச் சுமைகளும் 240 வோல்ட்டின் குறுக்கே வரிசையில் நிற்கும். சுமை குறைந்த பக்கம் வோல்ட்டேஜ் எகிறும், டிவியும் மைக்ரோவேவும் சில நொடிகளில் போகும்.

அடாப்டரும் நீட்டிப்புக் கயிறும்

50 ஆம்பியர் வண்டியை 30 ஆம்பியர் சாக்கெட்டில் இணைக்கும் அடாப்டரை, அதன் வடிவத்தால் ‘டாக்போன்’ என்கிறார்கள். அது ஒரே பேஸை இரு பக்கங்களுக்கும் பகிர்ந்து தரும். மொத்தமே 3,600 வாட் என்பதால் ஒரு ஏசியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 30 ஆம்பியர் வண்டியை 50 ஆம்பியர் சாக்கெட்டில் அடாப்டர் வழியாக இணைப்பது வழக்கத்தில் உள்ளது, வண்டிக்குள் இருக்கும் 30 ஆம்பியர் பிரேக்கர் அளவை மீறவிடாது. பழைய முகாம்களில் 30 ஆம்பியர் சாக்கெட்தான் அதிகம் பயன்பட்டுத் தேய்ந்திருக்கும். அங்கே நான் 50ஐத்தான் தேர்ந்தெடுப்பேன்.

கயிறு எட்டவில்லை என்றால் 30 ஆம்பியருக்கு 10 கேஜ், 50 ஆம்பியருக்கு 6 கேஜ் நீட்டிப்புக் கயிறு வேண்டும்; எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும். தோட்ட வேலைக்கு வாங்கும் 50 அடி, 16 கேஜ் ஆரஞ்சுக் கயிற்றில் 13 ஆம்பியர் ஓடினால் ஐந்து வோல்ட் வழியிலேயே போய்விடும், எழுபது வாட்டை ஒட்டிய வெப்பம் கயிற்றிலேயே தங்கும். அதே நீளம் 10 கேஜில் இழப்பு ஒன்றரை வோல்ட்டைத் தாண்டாது. மிஞ்சிய கயிற்றைச் சுருளாக அடுக்கி வைக்காமல் தரையில் தளர்வாகப் பரப்புங்கள்.

சொந்த ஆர்.வி. வாங்கி வீட்டில் 30 ஆம்பியர் சாக்கெட் வைக்க எண்ணுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்க வீடுகளில் 30 ஆம்பியர் என்றாலே துணி உலர்த்தும் இயந்திரத்தின் 240 வோல்ட் நினைவுக்கு வரும் என்பதால், ஆர்.வி. பழக்கம் இல்லாத எலக்ட்ரீஷியன் இந்த மூன்று துளைச் சாக்கெட்டுக்கும் இரண்டு பேஸ்களைக் கொடுத்துவிடுவது அவ்வப்போது நடக்கிறது. செருகிய நொடியில் கன்வெர்ட்டர் முதல் டிவி வரை எரிந்துபோகும். ‘ஒரே பேஸ், 120 வோல்ட்’ என்று எழுத்தில் கொடுத்து, அளந்து காட்டச் சொல்லிய பிறகே கயிற்றைச் செருகுங்கள்.

கிளம்பும்போது

இணைத்ததற்கு நேரெதிர் வரிசை: முதலில் ஏசியையும் வெந்நீரையும் அணைக்க வேண்டும், பிறகு பெட்டியின் பிரேக்கர், பிறகு பெட்டிப் பக்கத்துப் பிளக், கடைசியாக வண்டிப் பக்கம். சுமை ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் பொறி பறந்து, பிளக்கின் முனைகளில் கறுப்புப் பொட்டு விழும். அடுத்த முகாமில் சூடேறுவது அந்தப் பொட்டிலிருந்துதான் தொடங்கும். கயிற்றைச் சுற்றி வைக்கும் முன் முனைகளைத் துடைத்துப் பாருங்கள். ஃபிரிட்ஜைக் கேஸுக்கோ பேட்டரிக்கோ மாற்றியாயிற்றா என்று பார்த்துவிட்டு, வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து, இ.எம்.எஸ். கருவி பெட்டியிலேயே தொங்கிக்கொண்டிருக்கவில்லை என்பதை உறுதி செய்த பிறகு சாவியைத் திருப்புங்கள்.